பண்டிகை சீசனில் டைரியில் உங்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறதா?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் விடுமுறைக் கூட்டம் ஆரம்பித்துவிடும். அதற்காகப் போன வருஷத்து பிளானர் நோட்டை இன்று எடுத்துப் புரட்டினேன். யாருக்கு என்ன பரிசு, யார் எந்த ரயிலில் வருகிறார்கள், எந்த அறையில் யார், எத்தனை போர்வை துவைக்கணும், யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது... மொத்தம் பதினோரு பக்கம். ஒரு வேலையும் விட்டுப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் எதிரே டிக் அடித்திருக்கிறேன்.

ஒரே ஒரு வரியில்தான் கண் நின்றுவிட்டது. "தைராய்டு மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கணும்." திங்கட்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதாவது நாளைக்குத் தள்ளியாயிற்று. செவ்வாயில் அதே வரி, அதே அம்பு. புதன், வியாழன், வெள்ளி என்று ஐந்து அம்பு. சனிக்கிழமைப் பக்கத்தில் அந்த வரியே இல்லை. வாங்கிவிட்டேன் என்பதால் இல்லை. எழுதுவதையே விட்டுவிட்டேன்.

விருந்தினர் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு இரண்டு வாரம் படுத்தால் எழுந்திருக்க முடியாத அசதி. வேலை செய்த களைப்பு என்றுதான் நினைத்தேன். மருத்துவர் கேட்டபோதுதான் எத்தனை நாள் மாத்திரை போடாமல் இருந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். சொல்லவே சங்கடமாக இருந்தது.

அந்தப் பதினோரு பக்கத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான். அதுவும் நடக்கவில்லை. இந்த வருஷம் பிளானரை வேறு மாதிரி வைத்துக்கொள்ள ஆசை. வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. நான் வேலைக்கும் போகிறேன். சீசன் நேரத்தில் உங்களைக் கவனித்துக்கொள்ள டைரியையோ பிளானரையோ பயன்படுத்துகிறவர்கள் இருந்தால், உண்மையில் என்ன எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மரநிழல், ஞாயிறு இரவு 11.25

நூல்கண்டு, அந்த ஐந்து அம்புக்குறியை நானும் போட்டிருக்கிறேன். எனக்கு அது பல் வலி.

ஆறு வருஷமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சீசனுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள் உட்கார்ந்து, நோட்டை விரித்தால் இரண்டு பக்கத்தில் ஒரு வாரம் முழுக்கத் தெரிகிற மாதிரி கோடு போட்டுக்கொள்வேன். முதலில் எழுதுவது என்னுடையதை, பேனாவில். படுக்கும் நேரம், மருந்து நேரம், தனியாக நடக்கும் அரை மணி நேரம். மூன்றுதான், நான்காவது கிடையாது. அதற்கப்புறம்தான் மற்ற எல்லா வேலையும், அது பென்சிலில். இடம் போதவில்லை என்றால் அழிரப்பர் பென்சில் மேல்தான் போகும். பேனாவில் எழுதியது அந்த நாளின் சுவர் மாதிரி. மற்ற சாமானை எல்லாம் சுவருக்கு உள்ளேதான் அடுக்க முடியும்.

நான் ஆரம்பித்தபோது தலைகீழாகச் செய்தேன். எல்லா வேலையையும் எழுதிவிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதலாம் என்று பார்த்தேன். மிச்சம் என்று ஒன்று வரவே வராது.

இன்னொன்று, வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் கணக்கு. 1994-ல் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான கணக்கே போதாமல் போயிருக்கிறது. அதனால் "அரை நாளில் அலமாரியை ஒழித்துவிடலாம்" என்று மனசு சொன்னால் நான் பிளானரில் முக்கால் நாள் என்றுதான் எழுதுவேன். அப்படி எழுதினால்தான் அந்தக் கால் நாள் என் தூக்கத்திலிருந்து போகாது.

கோடில்லாநோட்டு, திங்கள் காலை 7.10

நான் இதில் மாறுபடுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று வருஷம் முன்னால் நானும் இப்படி ஒரு நோட்டு வாங்கி, சீசன் முழுக்க வைத்திருந்தேன். எட்டு டம்ளர் தண்ணீருக்கு எட்டுக் கட்டம். தூக்கத்துக்கு ஒரு கட்டம். நடைக்கு, தியானத்துக்கு, "இன்று என்னை நான் கவனித்துக்கொண்டேனா" என்பதற்கு என்று கட்டம் கட்டமாக. வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது எந்தக் கட்டம் நிறையும்? இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டைத் திறந்தால் வெள்ளைக் கட்டங்கள்தான் என்னைப் பார்க்கும். ஏற்கெனவே மற்றவர்களுக்குச் செய்தது போதவில்லை என்ற குறை. அதற்கு மேல் எனக்கே நான் செய்யவில்லை என்று இன்னொரு குறை. ஒன்பதாம் நாள் நோட்டைப் பரணில் போட்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

யாரும் கணக்குப் பார்க்காத நேரம்தான் ஓய்வு என்பது என் அனுபவம். அதையும் நோட்டில் ஏற்றினால் அதுவும் இன்னொரு வேலை ஆகிவிடுகிறது.

நூல்கண்டு, திங்கள் காலை 8.02

மரநிழல், பேனாவும் பென்சிலும் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றே கோடு போடுகிறேன்.

கோடில்லாநோட்டு, நீங்கள் சொல்வதைத் தள்ள முடியவில்லை. என் பதினோரு பக்கமும் அப்படி ஒரு முதலாளி மாதிரிதான் என்னை வேலை வாங்கியது. யோசிக்கிறேன்.

பென்சில்முனை, திங்கள் பகல் 1.30

இருவரும் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் பேசுவது இரண்டு வேறு விஷயம். கட்டம் போட்டு நிரப்புவது, நடந்து முடிந்ததற்கு மார்க் போடுவது. திட்டம் எழுதுவது, இன்னும் நடக்காததை மனசிலிருந்து இறக்கி வைப்பது.

உளவியலில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1927-ல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் மனசில் அதிகம் தங்குகிறது என்று எழுதினார். பிற்காலத்தில் செய்த எல்லாச் சோதனையிலும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2011-ல் மாசிகாம்போ, பாவ்மைஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வுதான் நமக்கு வேண்டியது. முடியாமல் கிடக்கும் காரியம் வேறு வேலையின் நடுவே வந்து குறுக்கிடுகிறது. அந்தக் காரியத்தை முடித்தால்தான் இது நிற்கும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாக ஒரு திட்டம் எழுதினாலே குறுக்கீடு அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்துப் பார்த்தது. 2018-ல் வெளியான ஆய்வு. படுக்கும் முன் ஐந்து நிமிஷம் எழுதணும். ஒரு பாதிப் பேர் வரப்போகிற நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மறு பாதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

கோடில்லாநோட்டு, உங்கள் கட்டங்கள் இரவில் கேட்டது "இன்று என்ன செய்தாய்" என்ற கேள்வி. அதை எடுத்துவிட்டு "நாளைக்கு என்ன" என்பதை மட்டும் ஐந்து நிமிஷம் எழுதிப் பாருங்கள். கட்டம் வேண்டாம், கோடுகூட வேண்டாம்.

இரவுப்பணி, செவ்வாய் காலை 9.15

நான் மருத்துவமனையில் செவிலியர். எல்லோருக்கும் விடுமுறை வரும்போது எனக்கு டியூட்டி அட்டவணை வரும். பதினான்கு வருஷத்தில் பெரிய நாட்களில் வீட்டில் இருந்தது நான்கு முறைதான்.

என் பிளானரில் முதலில் போவது டியூட்டி. அதற்கு அடுத்த வரி தூக்கம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நான்கு வரை கட்டம் கட்டி நிழல் தீட்டிவிடுவேன். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி என் அறைக் கதவிலும் ஒட்டுவேன். சீசன் நேரத்தில் வீடு முழுக்கக் குழந்தைகள் இருப்பார்கள். "சித்தி தூங்குகிறாள், நான்கு மணிக்குக் கதவு திறக்கும்" என்று எழுதியிருந்தால் அதுகளே வாசலில் காவல் நிற்கும். டைரிக்குள் மட்டும் எழுதி வைத்திருந்த வருஷங்களில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி "சாப்பிட்டியா" என்று கேட்பார்கள். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் அன்று இரவு நான் ஊசி போடணும், அளவு பார்க்கணும். கண் எரிச்சலோடு அதைச் செய்யக் கூடாது.

இன்னொன்றும் செய்கிறேன். எல்லோரும் கொண்டாடும் நாள் எனக்கு இல்லை என்பதால், அதற்கு அடுத்த பத்து நாளுக்குள் ஒரு நாளைப் பேனாவில் வட்டம் போட்டு "என் நாள்" என்று எழுதுவேன். வீட்டில் அதைப் பெரிய நாள் மாதிரியே எடுத்துக்கொள்கிறார்கள் இப்போது. முதல் இரண்டு வருஷம் கேட்கத் தயக்கமாக இருந்தது. எழுதி ஒட்டிய பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம்மாடி, செவ்வாய் மாலை 6.48

எந்த நோட்டு வாங்கலாம் என்று யாராவது சொல்லுங்களேன். கடையில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

மரநிழல், செவ்வாய் மாலை 7.05

வீட்டில் இருக்கும் எழுதாத நோட்டு எதுவானாலும் போதும். வாங்கத்தான் வேண்டும் என்றால், மேசையில் வைத்து வார அட்டவணை போட ஏ5 (148 × 210 மில்லிமீட்டர்), பையிலேயே கிடக்க வேண்டுமென்றால் அதில் பாதியான ஏ6. தேதி அச்சடிக்காததாக வாங்குங்கள். இரண்டு நாள் எழுதாமல் விட்டாலும் வெற்றுப் பக்கம் நின்று உங்களைக் குறை சொல்லாது.

மூன்றாம்மாடி, செவ்வாய் மாலை 7.30

நன்றி. அப்படியே இன்னொரு சந்தேகம். காலை ஐந்து மணிக்கு எழுந்து யோகா, அப்புறம் தியானம், இரவில் டைரி என்று இந்த சீசனிலேயே எல்லாவற்றையும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

பென்சில்முனை, செவ்வாய் இரவு 8.15

இப்போது வேண்டாம் என்பேன். 2010-ல் பிலிப்பா லாலி குழு லண்டனில் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமல் செய்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். வருஷத்திலேயே ஒழுங்கு கெட்டுக் கிடக்கும் மூன்று வாரத்தில் புதிதாக மூன்று பழக்கம் நடுவது கஷ்டம். ஏற்கெனவே இருக்கும் நல்ல பழக்கத்தில் எதை இழக்க மாட்டீர்கள் என்று ஒன்றை மட்டும் எழுதுங்கள். யோகாவைக் கூட்டம் கலைந்த பிறகு ஆரம்பிக்கலாம்.

சாவிக்கொத்து, புதன் இரவு 9.50

ஆண்கள் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எனக்கு 36 வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சீசன் என்றால் எனக்கு வேலைப் பளு இல்லை, கேள்விப் பளு. எப்போது கல்யாணம், சம்பளம் எவ்வளவு, ஏன் இப்படி இளைத்துவிட்டாய், ஏன் இப்படி உடம்பு போட்டுவிட்டாய். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்க மாட்டேன். என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

போன வருஷத்திலிருந்து டைரியில் ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்கினேன். "இது நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் வாக்கியங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, எந்தத் தருணத்தில் என்ன செய்வோம் என்று முன்பே முடிச்சுப் போட்டு வைத்தால் அந்தத் தருணம் வரும்போது யோசிக்க வேண்டியிருக்காது என்பதுதான் சாரம். என் பக்கத்திலிருந்து சில வரிகள்:

பெரியப்பா கல்யாணப் பேச்சை எடுத்தால், "முடிவானதும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பேன்.

சம்பளம் கேட்டால், "செலவுக்குப் போதுமான அளவு இருக்கு" என்று மட்டும் சொல்வேன். இரண்டாவது முறை கேட்டால் தண்ணீர் எடுத்துவர எழுந்துவிடுவேன்.

நெஞ்சு படபடப்பு வந்தால், மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வருவேன்.

மூன்றாவதை ஒரே நாளில் இரண்டு முறை செய்தேன். யாரும் தேடவில்லை. பெரியப்பா விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. முழங்காலைப் பற்றிக் கேட்டதும் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் அப்படிப் பேசியதே இல்லை.

தனிவழி, வியாழன் அதிகாலை 2.20

நீண்ட நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதத் தோன்றியது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார். அவர் இல்லாமல் வரும் முதல் சீசன் இது. அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில். உங்கள் எல்லோருடைய பிளானரும் நிரம்பி வழிகிறது. என்னுடையதில் அந்த வாரம் காலியாக இருக்கிறது. எதையும் எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டாலும் அந்த நாள் வரத்தான் போகிறது.

இரவுப்பணி, வியாழன் அதிகாலை 3.05

தம்பியோ தங்கையோ தெரியவில்லை. நான் டியூட்டியில் இருக்கிறேன், இப்போதுதான் பார்த்தேன். இந்த நேரத்தில் விழித்திருக்கிறீர்கள் என்பதே மனசைப் பிசைகிறது. அம்மா தூங்குகிறார்களா? ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். காலையில் பேசுவோம், நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்.

மரநிழல், வியாழன் காலை 7.40

தனிவழி, என் கணவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. முதல் சீசனில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நினைக்கவே நேரம் இல்லாதபடி அந்த வாரத்தை வேலையால் நிரப்பினேன். மூன்றாம் நாள் மாலை, விருந்தினர் நடுவில், கையில் தட்டோடு உடைந்து போனேன்.

அப்போது ஓர் ஆலோசகர் சொன்னது எனக்குப் பெரிதும் உதவியது. ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதிய கருத்து அது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு கரைக்கு நடுவே போய்ப்போய் வருகிறார். ஒரு கரையில் இழப்பு, அழுகை, நினைவு. மறு கரையில் அன்றாட வேலை, புதிய பொறுப்பு, கொஞ்சம் சிரிப்புகூட. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதுதான் இயல்பு, ஒரே கரையில் கட்டிப்போட்டு உட்காரத் தேவையில்லை என்றார்.

அதனால் அடுத்த வருஷம் பிளானரில் இரண்டையும் எழுதினேன். காலையில் ஒரு மணி நேரம் அவருக்கு. அவர் கையெழுத்துள்ள பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வேன். அழுகை வந்தால் வரட்டும். பதினொரு மணிக்குத் தோழி வருவாள், வெளியே போவோம். இரண்டாவது வரியையும் எழுதி வைத்திருந்ததால்தான் முதல் வரிக்குள் தைரியமாக இறங்க முடிந்தது.

உங்கள் வாரம் முழுவதையும் நிரப்ப வேண்டாம். அந்த ஒரு நாளில் இரண்டு வரி போதும். இரண்டாவது வரிக்கு அம்மாவையும் கேளுங்கள்.

பென்சில்முனை, வியாழன் காலை 10.20

மரநிழல் அக்கா சொன்னதற்குப் பிறகு நான் சேர்க்க அதிகம் இல்லை. எழுதினால் மனசு இறங்கும் என்று தோன்றினால் ஒரு வழி இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-லிருந்து செய்துவரும் ஆய்வுகளில், மனசை அழுத்தும் விஷயத்தைப் பற்றிப் பதினைந்து இருபது நிமிஷம், மூன்று நான்கு நாள், எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல் எழுதச் சொல்வார்கள். எழுதி முடித்த உடனே பாரம் கூடின மாதிரிகூட இருக்கும், அது கொஞ்ச நேரத்தில் தணிய வேண்டும். தணியாமல் மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள். கட்டாயம் எதுவும் இல்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும்கூட, டைரியை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது நோட்டில் தீர்க்கிற விஷயம் இல்லை.

மூன்றாம்மாடி, வியாழன் இரவு 8.55

மனசில் இருப்பதை எழுதுவது பற்றி ஒன்று. நான் கல்லூரியில் படிக்கும்போது வீட்டில் ஒருவர் என் டைரியை எடுத்துப் படித்துவிட்டு, உறவினர்கள் நடுவில் அதிலிருந்து ஒரு வரியைச் சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நான் ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுத ஆசைப்படுகிறேன், ஆனால் சீசனில் வீடு நிறைய ஆள். பயமாக இருக்கிறது.

சாவிக்கொத்து, வியாழன் இரவு 9.30

அவர் செய்தது பெரிய தப்பு. நீங்கள் எழுதியது தப்பு இல்லை.

நான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறேன். பிளானர் மேசை மேல் திறந்தே கிடக்கும், யார் பார்த்தாலும் அதில் நேரமும் வேலையும்தான். "இது நடந்தால்" பக்கத்தை மட்டும் பெயர் இல்லாமல், முதல் எழுத்து மட்டும் போட்டு எழுதுவேன். மனசைக் கொட்டுவதை உதிரித் தாளில் எழுதிக் கிழித்துப் போட்டுவிடலாம். எழுதுவதில்தான் பலன், அதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

நூல்கண்டு, மூன்று வாரம் கழித்து, சனி பகல் 2.15

எங்கள் வீட்டில் கூட்டம் ஆரம்பித்து நான்காவது நாள். கொஞ்சம் நேரம் கிடைத்தது.

பேனா வரி மூன்று போட்டேன். காலை 6.00 மாத்திரை. பகல் 2.00 முதல் 2.30 கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. இரவு 10.45 படுக்கை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். போன வருஷம் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து, முதல் வேலையாக எதையாவது வாயில் போட்டுக்கொண்டதால், இன்று வாங்கினாலும் போட முடியாது என்றே தினமும் "சரி, நாளைக்கு" ஆகியிருக்கிறது என்று இப்போது புரிகிறது. இந்த முறை இரண்டு மாதத்துக்குத் தேவையான மாத்திரையை முன்கூட்டியே வாங்கி, தண்ணீரோடு தலைமாட்டிலேயே வைத்துவிட்டேன். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.

அம்புக்குறிக்கும் ஒரு விதி போட்டேன். ரைடர் கரோல் 2013-ல் பரப்பிய புல்லட் ஜர்னல் (வேலைகளைச் சிறு குறிப்புகளாக நோட்டில் எழுதுவது) முறையில், திரும்பத் திரும்பத் தள்ளிப் போடும் வேலையை மறுபடி எழுதவே அலுப்பாக இருந்தால் அது தேவையற்றது, அடித்துவிடு என்பார்கள். மற்ற வேலைக்கு அது சரியாக வருகிறது. இந்த வருஷம் ஏழு வேலையை அப்படியே அடித்துவிட்டேன், வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் என் உடம்பு சம்பந்தப்பட்ட வரிக்கு அந்த விதி பொருந்தாது. அதற்கு நான் வைத்தது: இரண்டாவது அம்பு விழுந்தால் அதை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும். கண் சொட்டு மருந்துக்கு இரண்டாவது அம்பு விழுந்தது. என் பெரியவனிடம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வாங்கி வந்துவிட்டான்.

நடக்காததையும் சொல்கிறேன். பகல் அரை மணி நேரம் நான்கு நாளில் இரண்டு நாள்தான் கிடைத்தது. படுக்கை ஒரு நாள்கூட 10.45-க்கு இல்லை, பதினொன்றரை ஆகிவிடுகிறது. ஆனால் போன வருஷம் அது ஒன்றரை மணி.

கோடில்லாநோட்டு, சனி மாலை 5.40

பென்சில்முனை சொன்னதைச் செய்து பார்த்தேன். பரணிலிருந்து அந்த நோட்டை இறக்கவில்லை, மனசு வரவில்லை. பழைய காகித உறைகளின் பின்பக்கத்தில், படுக்கும் முன் ஐந்து நிமிஷம், நாளைக்கு என்ன என்று மட்டும். "காலை எட்டு மணிக்குத் தங்கையிடம் சாவியைக் கொடு, மேசை இழுப்பறையில் இடது பக்கம் இருக்கிறது" என்ற அளவுக்கு விவரமாக. காலையில் அதைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுகிறேன். தூக்கம் நன்றாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஓய்வை எழுத மாட்டேன். அதில் என் கருத்து மாறவில்லை. நேற்று மாலை யாரிடமும் சொல்லாமல் மொட்டை மாடியில் அரை மணி நேரம் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எந்தத் தாளிலும் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

நூல்கண்டு, சனி இரவு 11.10

அது உங்களுக்கு அப்படியே இருக்கட்டும். எனக்கு எழுதாவிட்டால் நடக்காது. அந்த ஐந்து அம்பு நடந்த வீடு இது.

தனிவழி, ஆறு நாள் கழித்து, வெள்ளி இரவு 9.05

மரநிழல் அக்கா, இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில் அப்பாவின் கைக்கடிகாரம். நின்றுபோயிருந்தது. அதைத் துடைத்துச் சாவி கொடுத்தோம். அம்மா கொஞ்ச நேரம் அழுதார்கள், நானும்தான். இரண்டாவது வரியை அம்மாதான் சொன்னார்கள். பழைய பக்கத்து வீட்டு அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். போனோம். அங்கே நேரம் போனதே தெரியவில்லை.

இரவுப்பணி அக்கா, அன்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படுத்தேன். நன்றி. நான் தம்பி.

இரவுப்பணி, வெள்ளி இரவு 11.50

சந்தோஷம் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாளை மறுநாள் என் "என் நாள்".

நூல்கண்டு, ஐந்து நாள் கழித்து, புதன் காலை 6.45

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மறப்பதற்குள் பிளானரின் கடைசிப் பக்கத்தில் அடுத்த வருஷத்துக்கு எழுதிவிட்டேன். போர்வை துவைக்க நான் போட்ட கணக்கு ஒரு நாள், ஆனது இரண்டு. பரிசு கட்டப் பிள்ளைகளே போதும், நான் வேண்டாம். அடித்த ஏழு வேலையின் பட்டியலையும் அப்படியே வைத்திருக்கிறேன், அடுத்த முறை முதலிலிருந்தே எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்தேன். பகல் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்துவதை அத்தை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி விருந்தினர் கிளம்புவதற்கு முந்தின நாள், சமையலறை மேசையில் திறந்து கிடந்த பிளானரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. பேனா வரி மேல் விரலை வைத்து, "இது நீ தூங்கற நேரமா?" என்றார்கள். ஆமாம் அத்தை, தூங்குவேன், இல்லாவிட்டால் சும்மா இருப்பேன் என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் "எனக்கு மூணு மணிக்கு முதுகு ரொம்ப வலிக்கும். அந்த நேரத்துலதான் எல்லாரும் வந்து உட்காருவாங்க" என்றார்கள். அந்த வீட்டில் நாற்பது வருஷமாக இருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது.

பேனாவை எடுத்து, என் வரிக்குக் கீழே 3.00 முதல் 3.45 என்று எழுதி, பக்கத்தில் "அத்தை" என்று போட்டேன். "நாளைக்கும் போடு" என்றார்கள்.